ஜாதகத்துக்குக் குறித்த நேரம்

எங்கள் பக்கம் பிரசவ வார்டு வாசலில் நிற்கும் பெரியவர்களிடம் இரண்டு பொருள்கள் தவறாமல் இருக்கும்: வெந்நீர் பிளாஸ்க் ஒன்று, ஒழுங்காக ஓடுகிற கடிகாரம் ஒன்று. நர்ஸ் வெளியே வந்து "பையன்" என்றதும், எடை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே "எத்தனை மணிக்கு?" என்பார்கள். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது, தங்கை கணவர் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்: செவ்வாய், அதிகாலை 4.52. ஜாதகம் எழுத அது போதும்.

அந்தத் துண்டுச் சீட்டு ஜோசியரிடம் போவதற்கு முன்னால் ஒரு குழந்தை மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை இரவு மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதினொரு மணி ஆகப் போகிறது. "பிறந்து எத்தனை நாள்?" என்றார் மருத்துவர். "ஐந்து" என்றார் தங்கையின் மாமியார். சூரிய உதயத்துக்கு முன்னால் பிறந்தால் பஞ்சாங்கப்படி அது முந்தின நாள்; அவருக்குக் குழந்தை திங்கட்கிழமைப் பிள்ளை. "நான்குதான்" என்றாள் தங்கை. மருத்துவர் கையமர்த்திவிட்டு, "நாள் வேண்டாம், நேரம் சொல்லுங்கள்" என்றார். பஸ் டிக்கெட் வெளியே வந்தது. அவர் மனக்கணக்குப் போட்டுச் சொன்னார்: 90 மணி நேரம். பிறகு ஒரு வரைபடத் தாளை எடுத்து, அந்த 90க்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க இடம் பார்த்துக்கொண்டார். இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வந்திருக்கவில்லை.

பச்சைக் குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலையைப் பற்றி நம் ஊரில் இரண்டு பேச்சுகள் உண்டு. "எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், வெயிலில் காட்டு" என்பது ஒன்று. "காமாலையா? ஐயோ!" என்பது மற்றொன்று. விசித்திரம் என்னவென்றால் இரண்டுமே சரி. எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்வது பிறந்த நேரமும் இரத்தத்தில் உள்ள ஓர் எண்ணும்தான். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு அறுபதுக்கும், குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் முதல் வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சள் ஏறுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாமலே இறங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் சிலருக்கு இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், போன மூளையைத் திருப்பிக் கொண்டுவர எந்த ஊர் மருத்துவமனையாலும் முடியாது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். பெரியவர்களுக்குக் காமாலை என்றால் நாம் கெட்ட தண்ணீரையும் கல்லீரலைத் தாக்கும் வைரஸையும் நினைக்கிறோம். குழந்தையின் கதை வேறு. கருப்பைக்குள் ஆக்சிஜன் தட்டுப்பாடு. அதைச் சமாளிக்கக் குழந்தை நிறைய சிவப்பணுக்களோடு இருக்கிறது. வெளியே வந்து மூச்சு விடத் தொடங்கியதும் அவ்வளவும் தேவையில்லை. பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும். பிறந்த குழந்தையினுடையது 70 முதல் 90 நாள்தான். உடைகிற சிவப்பணுவிலிருந்து கழியும் மஞ்சள் நிறப் பொருள்தான் பிலிருபின். உடல் எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஒரு குழந்தை நாள்தோறும் அதை உண்டாக்குகிறது.

அதை வெளியேற்ற வேண்டிய கல்லீரலோ இன்னும் தொழில் பழகாதது. பிலிருபின் தண்ணீரில் கரையாது. ஒரு நொதி அதைக் கரையும்படி மாற்றிப் பித்தத்தில் விட வேண்டும். பிறந்த அன்று நிறைமாதக் குழந்தையிடம் அந்த நொதியின் வேலைத்திறன் பெரியவர்களுடையதில் நூற்றில் ஒரு பங்குதான். மூன்று மாதத்துக்குப் பிறகே அது முழுத் திறமைக்கு வருகிறது. குப்பை இரண்டு மடங்கு, அள்ளுகிற ஆள் நூற்றில் ஒன்று என்றால் தெரு என்ன ஆகும்?

போதாக்குறைக்கு மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, வீட்டார் கையில் இருப்பது அது ஒன்றுதான். குழந்தை முதலில் கழிக்கும், தார் போன்ற கருத்த மலத்தில் பிலிருபின் நிறைய இருக்கிறது. அது குடலில் தங்கினால் திரும்ப இரத்தத்துக்குள் உறிஞ்சப்படும். தாய்ப்பால் வயிற்றுக்குள் போகப் போகத்தான் மலம் நகரும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடு, நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடு என்று செவிலியர்கள் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நான்காம், ஐந்தாம் நாளுக்குள் மலம் கருப்பிலிருந்து பச்சையாகி மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். இரண்டும் நடந்தால் பால் போதுகிறது என்று பொருள்.

நம் வழக்கம் ஒன்று இங்கே குறுக்கே நிற்கிறது. குணமுள்ள ஒருவர் கையால் சேனை வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைக்கிறோம். வைப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சர்க்கரைத் தண்ணீர் பிலிருபினை இறக்குவதில்லை. பால் குடிக்கும் பசியை மட்டும் குறைக்கிறது. தேன் இன்னும் மோசம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் வர வழி இருக்கிறது. தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலும் இதே வரிசைதான். செவ்வாப்புக்கும் காமாலைக்கும் நல்லது என்று ஒரு சங்கு கழுதைப்பாலைக் கறந்த சூட்டோடு ஊற்றுகிறார்கள். காய்ச்சாத பாலின் கிருமிதான் அதில் உறுதியாகக் கிடைப்பது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு இவற்றையெல்லாம் கொடுப்பதைப் பார்க்கும்போது, கையிலிருக்கும் மருந்தைக் கீழே ஊற்றிவிட்டுக் கடைக்கு ஓடுவது போலத்தான் எனக்குத் தோன்றும்.

சிசேரியன் ஆன தாய்க்குப் பால் ஊறச் சற்றுத் தாமதமாகலாம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன். ஆகவே இது சிலருடைய பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. வலியோடு படுத்திருக்கும் பெண்ணிடம் குழந்தையைக் கொண்டுபோய் மார்பில் சேர்ப்பதற்குப் பக்கத்தில் ஒரு கை வேண்டும். அம்மாச்சிகளின் உண்மையான சேவை அதுதான்.

இனி அந்த வரைபடத்துக்கு வருகிறேன். இயல்பான மஞ்சள் இரண்டாம், மூன்றாம் நாளில் தலைகாட்டி, மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் மறையும். குறைமாதக் குழந்தைக்கு மூன்று வாரம் வரை ஆகலாம். பிலிருபின் எண் ஒவ்வொரு மணி நேரமும் ஏறுவது இயல்பு என்பதால், எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. வேறு ஆபத்து எதுவும் இல்லாத நிறைமாதக் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் நூறு மில்லி இரத்தத்தில் 13 மில்லிகிராம் பிலிருபின் இருந்தால் உடனே சிகிச்சை வேண்டும். அதே 13, நான்கு நாள் முடிந்த குழந்தைக்கு இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று நாள் முடிந்த அத்தகைய குழந்தையை நீல ஒளி விளக்கில் வைத்துச் சிகிச்சை தொடங்கும் எல்லை 18 அளவில் இருக்கிறது. குறைமாதம், இரத்தப் பிரிவு மோதல், கிருமித் தொற்று போன்றவை சேர்ந்தால் அந்த எல்லை பல படிகள் கீழே இறங்கிவிடும். தமிழர்கள் பிறந்த நேரத்தை வைத்துக் கட்டம் போடுவது போல, குழந்தை மருத்துவர்களும் பிறந்த நேரத்தை வைத்துத்தான் கோடு போடுகிறார்கள். அவர்கள் கோடு முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிப் பலன் சொல்வதில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஒரு விதிக்கு மட்டும் வரைபடம் வேண்டாம். பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது ஒருபோதும் இயல்பானதல்ல. "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

தங்கை பேரனின் எண் வந்தது: 19.4. புள்ளி சிகிச்சைக் கோட்டுக்கு மேலே போய், இரத்தம் மாற்றும் கோட்டை எட்டிப் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்தது. அவன் 36 வாரத்தில் பிறந்தவன். பார்க்கப் பூரிப்பாக இருந்ததால் எல்லாரும் நிறைமாதப் பிள்ளை போலத்தான் நடத்தினோம். இப்படி 35, 36 வாரத்தில் பிறப்பவர்கள்தான் எல்லாரையும் ஏமாற்றிவிடுகிறார்கள். எடை இருக்கும், அழுகை இருக்கும். உறிஞ்சிக் குடிக்கும் தெம்பு இருக்காது. தாய்க்கு ஓ பிரிவு, பிள்ளைக்கு பி பிரிவு.

இரத்தப் பிரிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்எச் நெகட்டிவ் தாய், பாசிட்டிவ் குழந்தை என்பது பலருக்குத் தெரிந்த சிக்கல். முதல் குழந்தையின் இரத்தம் பிரசவத்தில் தாயின் இரத்தத்தில் கலக்கும்போது தாயின் உடல் அதற்கு எதிராக ஆயுதம் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அது உடைத்துத் தள்ளும். இதற்குத் தடுப்பு உண்டு. கர்ப்பத்தின் 28ஆம் வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஒன்று என ஆன்டி-டி ஊசி போட்டால் ஆயுதம் தயாராவதே நின்றுவிடும். கரு கலைந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாம். மூன்றாம் மாதத்தில் கலைந்ததை வீட்டோடு மறைத்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. அடுத்த குழந்தை அதற்கு விலை கொடுக்கும்.

ஓ பிரிவுத் தாய், ஏ அல்லது பி பிரிவுக் குழந்தை என்ற சேர்க்கையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நம் ஊரில் ஓ பிரிவுக்காரர்கள் ஏராளம் என்பதால் இந்தச் சேர்க்கை வீதிக்கு வீதி இருக்கிறது. பெரும்பாலும் இதனால் தொந்தரவு வராது. வந்தால் முதல் குழந்தையிடமே வரும், முதல் இரண்டு நாளிலேயே வேகம் காட்டும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. குழந்தையின் இரத்தப் பிரிவைத் தெரிந்துகொண்டு கண்காணிப்பதுதான் வழி. தாய் ஓ பிரிவு என்றால், வீட்டுக்குக் கிளம்பும் முன் "பிள்ளையின் குரூப் என்ன, பிலிருபின் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் கேட்கவில்லை. குழந்தை பிறந்த இடத்திலும் யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையில் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சரியாகக் காமாலை உச்சத்துக்கு ஏறுகிற நேரத்தில் குழந்தை மருத்துவமனைக்கு வெளியே இருந்தது. இந்த நோயின் பெரிய பொறியே இதுதான். சுகப்பிரசவம் என்றால் இரண்டு, மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறோம், காமாலையும் நம்மோடு வண்டியேறி வந்து வீட்டில்தான் வளர்கிறது.

வீட்டிலோ அதைக் கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாம் செய்துவைத்திருக்கிறோம். பச்சை உடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் காற்றுப் படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திய உள்ளறை. மஞ்சள் பல்பு. போதாதென்று மஞ்சள் பூசிக் குளியல். வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, பயற்றமாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டியதை நானே பார்த்தேன். அழகான காட்சிதான். மஞ்சள் மேல் மஞ்சள் இருந்தால் யாருக்குத் தெரியும்?

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், குழந்தையின் நெற்றியிலோ நெஞ்செலும்பின் மேலோ விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் இரத்தம் விலகித் தோலின் நிறம் தெரியும். கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்க்கலாம். மஞ்சள் முகத்தில் தொடங்கி வயிறு, தொடை, கால் என்று இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டால் எண் பெரும்பாலும் 15ஐத் தாண்டியிருக்கும். இந்தக் கண் கணக்கை 1969இல் கிரேமர் என்ற மருத்துவர் வகுத்தார். ஆனால் நம்மைப் போன்ற மாநிறக்காரர்களிடம் இது நன்றாகவே ஏமாற்றும். இவ்வளவுதான் இருக்கும் என்று கண்ணால் முடிவு செய்யக் கூடாது. சந்தேகம் எழுப்ப மட்டும் கண்ணைப் பயன்படுத்திக்கொண்டு, தீர்ப்பை இரத்தத்திடமோ, தோலில் வைத்துப் பார்க்கும் சிறு கருவியிடமோ விட்டுவிட வேண்டும்.

நிறத்தைவிட நம்பத் தகுந்தது நடத்தை. பாலுக்கு எழாமல் தூங்குவது, வாயில் வைத்தாலும் சப்பாமல் இருப்பது, உடம்பு துவண்டுபோவது ஆகியவை முதல் எச்சரிக்கை. "நல்ல பிள்ளை, அழவே அழாது" என்று அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். இதற்கு அடுத்த கட்டம் கீச்சென்ற கூரிய அழுகை, முதுகு வில்லாய்ப் பின்னே வளைவது, காய்ச்சல், வலிப்பு. அதற்குள் பிலிருபின் மூளைக்குள் நுழைந்து, உடலசைவையும் செவியையும் ஆளும் பகுதிகளில் படிந்துவிட்டது என்று பொருள். 1900களின் தொடக்கத்தில் ஜெர்மானிய நோய்க்கூறியல் நிபுணர் ஷ்மோர்ல் இப்படி மஞ்சள் படிந்த மூளைகளைப் பார்த்துக் 'கெர்னிக்டெரஸ்' என்று பெயர் வைத்தார். பிழைக்கும் குழந்தைக்குக் கை கால்கள் தன் வசமில்லாமல் முறுக்கிக்கொள்ளும், காது கேட்காது, கண்ணை மேல்நோக்கி உயர்த்த முடியாது. கொடுமை என்னவென்றால் அறிவு பல நேரங்களில் தப்பிவிடுகிறது. எல்லாம் புரியும், எதையும் சொல்ல முடியாது.

இப்போது வெயில். நம் பாட்டிமார்களைக் கேலி செய்கிறவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் 1956இல் ஜீன் வார்டு என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை நல்ல நாளில் முற்றத்து வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு நாள் ஒரு குழந்தையின் உடம்பில் மஞ்சள் வெளுத்திருக்க, துணியின் முனை மூடியிருந்த முக்கோணத்தில் மட்டும் அப்படியே இருந்ததை மருத்துவர்களிடம் காட்டினார். அதற்குப் பின், ஜன்னலோர வெயிலில் மறந்து வைத்த இரத்தக் குழாயில் பிலிருபின் குறைந்திருந்ததும் தெரிந்தது. அந்த மருத்துவமனையின் கிரேமரும் சக மருத்துவர்களும் (மேலே சொன்ன கிரேமர் வேறு, இவர் வேறு) விளக்கு அமைத்துச் சோதித்து 1958இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். இன்று உலகம் முழுக்க எரியும் நீல விளக்கின் பூர்வீகம் வெயில்தான்.

அப்படியென்றால் திண்ணை வெயில் போதாதா? போதாது. தேவைப்படுவது நீல ஒளி, அதுவும் 460 முதல் 490 நானோமீட்டர் வரையுள்ள ஒரு துண்டு. அந்த ஒளி தோலுக்கடியிலுள்ள பிலிருபினின் வடிவத்தையே திருகி, கல்லீரலின் தயவில்லாமல் பித்தத்திலும் சிறுநீரிலும் கரைந்துபோகும்படி செய்கிறது. அதற்கு வெற்றுடம்பில், முன்னும் பின்னும், மணிக்கணக்கில், நாள் முழுக்க ஒளி பட வேண்டும். நாமோ துணியில் சுற்றி முகத்தை மட்டும் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் காட்டுகிறோம். அவ்வளவு நேரம் வெயிலில் போடுவதென்றால் சித்திரையில் மதுரை வெயில் பெரிய ஆளையே சுருட்டிவிடும், மார்கழிக் காலையில் குழந்தை விறைத்துவிடும். புற ஊதாக் கதிர் வேறு தோலைச் சுடும். நைஜீரியாவில் மின்சாரம் நிலையில்லாத மருத்துவமனைகளில், தீய கதிர்களை வடிகட்டும் தாள் வேய்ந்த பந்தலுக்குக் கீழே குழந்தைகளைப் படுக்கவைத்து, செவிலியர்கள் அடிக்கடி உடல் வெப்பம் பார்த்து, வெயிலால் சிகிச்சை செய்து வென்றிருக்கிறார்கள். திண்ணையில் அந்தப் பந்தல் இல்லை. இளவெயிலில் சற்று நேரம் குழந்தையை வைத்திருப்பதில் பெரிய கேடில்லை. அதைச் சிகிச்சை என்று நம்பி இரண்டு நாள் கழிப்பதில்தான் கேடு இருக்கிறது.

மற்ற வைத்தியங்களை விரைவாகவே சொல்லிவிடுகிறேன். கீழாநெல்லி பெரியவர்களின் காமாலைக்குப் பேர்பெற்றது; கல்லீரல் நோயே இல்லாத மூன்று நாள் குழந்தையின் வாயில் அதை அரைத்துப் புகட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. தாய்க்கு எண்ணெயை நிறுத்திப் பத்தியம் போட்டால் தாய்தான் இளைப்பாள். கண்ணில் சாறு விடுவதையும் சூடு போடுவதையும் பற்றிப் பேசக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

மருத்துவமனையில் நடப்பது எளிமையானது. கண்ணைக் கட்டி, இடுப்புக்கு மட்டும் துணி வைத்து, குழந்தையை 'லைட்டில் வைக்கிறார்கள்'. நீல வெளிச்சத்தில் அது வேற்றுக்கிரகப் பிள்ளை போல இருப்பதைப் பார்த்து அம்மாச்சிகள் அழுகிறார்கள். கரண்ட் வைக்கிறார்கள் என்று ஒரு பெண் வராந்தாவில் சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்டும் இல்லை, கதிரியக்கமும் இல்லை, வெறும் வெளிச்சம். பால் கொடுக்க வெளியே எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும்; நடுநடுவே தூக்கிக் கொஞ்சிக்கொண்டே இருந்தால் வெளிச்சம் படும் நேரம்தான் குறையும். மலம் இளகிப் போவதும் தோலில் சிறு தடிப்பு வருவதும் உண்டு, பயப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் கீழே முதலில் வெளுப்பது தோல்தான், ஆகவே நிறத்தைப் பார்த்து "சரியாகிவிட்டது, அழைத்துப் போகிறோம்" என்று கிளம்பக் கூடாது. விளக்கை அணைத்தபின் எண் மறுபடி ஏறக்கூடும் என்பதால், சில குழந்தைகளுக்கு மறுநாள் ஒரு சோதனை வேண்டியிருக்கும்.

விளக்குக்கும் அடங்காவிட்டால் இரத்தம் மாற்றுவார்கள். தொப்புள் இரத்தக் குழாய் வழியாகச் சிறுகச் சிறுக எடுத்து, சிறுகச் சிறுக ஏற்றி, குழந்தையின் மொத்த இரத்த அளவைப் போல இரண்டு மடங்கு மாற்றுகிறார்கள். மணிக்கணக்கில் நடக்கும், ஆபத்தும் உள்ள வேலை. எங்கள் பிள்ளைக்கு அதற்கான இரத்தத்தைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டுதான் விளக்கைப் போட்டார்கள். ஆறு மணி நேரத்தில் எண் 17க்கு இறங்கியது. இரத்தப் பை திரும்பிப் போனது.

மதுரையைச் சுற்றியுள்ளவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பனகல் சாலையிலுள்ள அரசு இராஜாஜி மருத்துவமனை, நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்வது, தென்மாவட்டங்களிலிருந்து குழந்தைகள் வந்து சேரும் இடம். அரசு மருத்துவமனைகளில் பச்சைக் குழந்தைகளுக்கென்றே தனித் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இயங்குகின்றன. 2011இல் மத்திய அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயுற்ற பச்சைக் குழந்தைக்குப் பரிசோதனை, மருந்து, இரத்தம், வாகனம் எதற்கும் காசு கிடையாது. அவசரத்துக்கு 108. வீட்டுக்கு வந்த குழந்தையைப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் சுகாதாரப் பணியாளர் வர வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் அட்டவணை. அந்த மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் காமாலைக்காகவே வைத்தது போலப் பொருந்துகின்றன. பிள்ளை உள்ளறையில் தூங்குகிறது என்று கிராம சுகாதார செவிலியரை வாசலோடு அனுப்பிவிடாமல், எழுப்பி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

அண்ணன் அக்காள் போட்ட பழைய சட்டைகளை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடும் வழக்கம் நல்லதுதான். அதில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் மட்டும் வேண்டாம். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, அதிலும் பெரும்பாலும் ஆண் குழந்தைக்கு, அந்த நெடியே சிவப்பணுக்களை உடைக்கப் போதும். பிஞ்சு உள்ளங்காலில் மருதாணி வைப்பதும் அப்படியே. எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முகத்தில் எழுதியிருக்காது. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த வீடுகளில், முந்தைய குழந்தைக்குக் கடுமையான காமாலை வந்திருந்தால் அதைக் கர்ப்ப காலத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மரபில் வரும் அரிய கல்லீரல் நொதிக் குறைபாடுகளும் உண்டு.

இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லையா? நன்றாகக் குடித்து, எடை ஏறி வரும் குழந்தையிடம் அது தாய்ப்பால் காமாலையாக இருக்கலாம். சில வாரம் நீடித்துத் தானாகப் போகும், அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அது அதுதான் என்று வீட்டில் முடிவுகட்டாமல் இன்னொரு சோதனை செய்ய வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவும் இப்படித்தான் நீடிக்கும். பித்தக் குழாய் அடைப்பும் இப்படித்தான் தொடங்கும். பித்தக் குழாய் அடைப்பில் மலம் சுண்ணாம்பு போல வெளுக்கும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடிக்கும். பச்சைக் குழந்தையின் சிறுநீருக்கு நிறமே இருக்கக் கூடாது. பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து இடுப்புத் துணியாகக் கட்டும் நம் வழக்கம் இந்த விஷயத்தில் கடையில் விற்கும் டயப்பரைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஜப்பானிய அறுவை மருத்துவர் கசாய் பெயரால் வழங்கும் அறுவை சிகிச்சை இந்த அடைப்புக்கு உண்டு. அதைக் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். இங்கே மணிக்கணக்கு முடிந்து நாள்கணக்கு தொடங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை விளக்கை அணைத்தார்கள். திங்கள் காலை சோதனையில் எண் ஏறவில்லை. பின்னொரு நாள் காது கேட்கும் திறனைச் சோதித்தார்கள், அதுவும் குறையில்லை. பதினாறாம் நாள் பேர் வைக்கும் சடங்குக்கு முன்னால் ஜோசியர் பிறந்த நேரம் கேட்டார். பஸ் டிக்கெட்டைக் காணோம் என்று வீடே தேடியது. கடைசியில் அது மருத்துவமனைக் கோப்பில், அந்த வரைபடத் தாளோடு சேர்த்துக் குத்தியிருந்தது. 4.52க்குக் கீழே யாரோ பேனாவால் 19.4, 17, 14.2 என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஜோசியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இதில் எது பிறந்த நேரம் என்று கேட்டார்.